பௌதிகவியலை இப்போதே விடவேண்டாம், அம்மா

அன்புள்ள அம்மா,

புதுக்குடியிருப்பிலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. மகளுக்கு உயிரியல் நன்றாக வருகிறது, பௌதிகவியல்தான் ஏறவில்லை, அதை விட்டு விவசாய விஞ்ஞானம் எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடம்பைப் படிக்கப்போகிற பிள்ளைக்கு விசைக் கணக்கு எதற்கு என்பது அவளுடைய கேள்வி.

போரில் காலை இழந்த தன் மாமாவைப் பார்த்துத்தான் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) படிக்க ஆசைப்பட்டாள் என்றீர்கள். சரி, அவரிடமிருந்தே தொடங்குவோம். பொய்க்கால் பூட்டுகிற பக்கத்துத் தொடை மற்றதைவிட மெலிந்திருக்கும். உள்ளே எலும்பும் அடர்த்தி குறைந்திருக்கும். சுமை விழாத எலும்பு கரையும், சுமை ஏறினால் தடிக்கும். ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மன் வைத்தியர் இதை 1892இலேயே எழுதிவிட்டார்.

உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் (செல்லுக்கும்) இதே கதைதான். 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் என்புமச்சையிலிருந்து எடுத்த, வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக்கலங்களை வெவ்வேறு இறுக்கமுள்ள ஜெல்களில் வளர்த்தார்கள். ஊட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் அளந்தார்கள். மூளையைப்போல் மெத்தென்ற, 1 கிலோபாஸ்கல் வரையான ஜெல்லில் இருந்தவை நரம்புக் கலத்தின் சாயலுக்குப் போயின. 10 கிலோபாஸ்கல் அளவில் தசைக்கும், 30 அளவில் எலும்புக்கும் திரும்பின. கலம் தான் ஒட்டியிருக்கும் தளத்தை இழுத்துப் பார்க்கிறது. அது எவ்வளவு இசைகிறது என்பதை வைத்து என்னவாக வளர்வது என்று முடிவெடுக்கிறது. கிலோபாஸ்கலில் சொன்ன அந்த இறுக்கம் வேறொன்றுமில்லை, உயர்தரத்தில் மீள்தன்மை அலகில் அவள் படிக்கவேண்டிய யங்கின் மட்டு. எனக்கு இதை முதலில் வாசித்தபோது புல்லரித்தது. அழுத்தத்தை உணரும் பியேசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

விவசாயத்தில் உண்மையான விருப்பம் இருந்தால் நான் மறிக்கமாட்டேன், அதுவும் நல்ல பாதை. பயத்தில் மாறுவதுதான் வேண்டாம். பௌதிகவியல் இல்லாவிட்டால் மருத்துவபீடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இயன்மருத்துவப் பட்டம் கொழும்பிலும் பேராதனையிலும் இருக்கிறது; அதற்கான பாடத் தகைமையைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் நீங்களும் மகளும் சேர்ந்து வாசியுங்கள். உங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துக்கு மாவட்ட அடிப்படையிலும், கல்வி வசதி குறைந்த மாவட்டம் என்ற வகையிலும் இடம் ஒதுக்கப்படுகிறது.

ஒரு தவணை முழுக்கப் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் பிள்ளையில் பிழை இல்லை, அம்மா. இன்னும் மூன்று மாதம் பொறுங்கள். மீள்தன்மை அலகின் கடந்தகால வினாக்களை மட்டும் முதலில் செய்யட்டும். சிக்குகிற கணக்குகளைக் கொப்பியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கிளிநொச்சிக்கு வரும்போது அந்தக் கொப்பியோடு அவளையும் கூட்டி வாருங்கள், சேர்ந்திருந்து செய்து பார்ப்போம்.