குவாண்டம் உலாவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மொசில்லா நிறுவனம் ‘குவாண்டம்’ என்று பெயர் சூட்டி 2017 நவம்பர் 14 அன்று வெளியிட்ட பயர்பாக்ஸ் 57 உலாவி வந்து, 2018 பொங்கலோடு இரண்டு மாதங்கள் ஆயின. அந்தப் பொங்கல் விடுமுறையில் வாசகர் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தேன். கீழே இருப்பவை அப்போது எழுதிய பதில்கள். புகழ்ந்து எழுதியவர்களுக்குப் பதில் தேவையில்லை. குறை சொன்னவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பதிப்பு எண்ணையும் குறிப்பிடவில்லை, எந்த விண்டோஸ் என்பதையும் சொல்லவில்லை. உதவிப் பட்டியலில் ‘பயர்பாக்ஸ் பற்றி’ என்பதைச் சொடுக்கினால் எண் தெரிந்துவிடும். பத்து விநாடி வேலை. ஊகிக்க முடிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

மன்னார்குடி வாசகர்: புதுப்பித்த மறுநாளே என் நீட்சிகளில் (உலாவியோடு சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) ஏழு செயலிழந்துவிட்டன. முன்னறிவிப்பே இல்லாமல் இப்படிச் செய்யலாமா?

முன்னறிவிப்பு இருந்தது. பழைய வகை நீட்சிகளைக் கைவிடப் போவதாக மொசில்லா 2015 ஆகஸ்டிலேயே அறிவித்தது. 57 ஆம் பதிப்புதான் எல்லை என்பதும் ஓராண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. சில மாதங்களாகவே உங்கள் நீட்சிப் பட்டியலில் ‘மரபு’ என்ற மஞ்சள் முத்திரை தொங்கிக்கொண்டிருந்ததே, அதைப் பார்க்கவில்லையா? பழைய நீட்சிகள் உலாவியின் உள்ளுறுப்புகள் அனைத்திலும் கைவைக்கக் கூடியவை. அதனால்தான் அவை அவ்வளவு வேலை செய்தன, உலாவியில் ஓர் ஆணியை மாற்றினாலும் அதனாலேயே உடைந்தன. விளம்பரத் தடுப்புக்கான யூபிளாக் ஆரிஜின் புதிய முறைக்கு முன்பே மாறிவிட்டது. வலைப்பக்க நிரல்களைத் தடுக்கும் நோஸ்கிரிப்ட் சில நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. பதிவிறக்க நீட்சியான டவுன்தெம்ஆல் 2018 தொடக்கத்திலும் வரவில்லை. பதிவிறக்கத்துக்குத் தனி மென்பொருள் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: என் மடிக்கணினியில் 2 ஜிபி நினைவகம்தான் உள்ளது. வேகமானது என்றார்கள், எனக்கோ முன்பைவிட மெதுவாக இருக்கிறது.

பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளில் பிரித்து இயக்குவதுதான் இந்த வேகத்தின் ஒரு காரணம். ஒரு கண்ணி வாய்க்கால் அடைத்துக்கொண்டாலும் மற்ற வயல்களுக்குத் தண்ணீர் பாய்வதைப் போல, ஒரு பக்கம் திணறினாலும் மற்றவை ஓடும். ஆனால் ஒவ்வொரு செயல்முறைக்கும் நினைவகம் வேண்டும். விருப்பங்களில் ‘செயல்திறன்’ பகுதிக்குச் சென்று, பரிந்துரைத்த அமைப்பைப் பயன்படுத்தும் தேர்வை நீக்கினால், செயல்முறைகளின் உச்ச எண்ணிக்கை தெரியும். 57 ஆம் பதிப்பில் இயல்பாக 4 என்று இருக்கும். அதை 1 அல்லது 2 ஆக்குங்கள். முப்பது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு உலாவியைக் குறை சொல்லும் பழக்கத்தையும் குறையுங்கள்.

கும்பகோணம், தணிக்கையாளர் அலுவலகத்திலிருந்து: ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் டிஜிட்டல் கையொப்பம் இட முடியவில்லை. ஜாவா வேலை செய்யவில்லை. குவாண்டம்தான் காரணமா?

இல்லை. ஜாவா செருகுநிரலைப் பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் வந்த 52 ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. குரோம் 2015 இலேயே நிறுத்திவிட்டது. இத்தனை மாதம் நீங்கள் புதுப்பிக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்றுதான் இதற்குப் பொருள். நீண்டகால ஆதரவுப் பதிப்பான 52 இஎஸ்ஆரில் மட்டும் ஜாவா 2018 தொடக்கத்திலும் இயங்கியது. அதன் 32 பிட் பதிப்பைத் தனிக் கோப்புறையில் நிறுவி, தனி ப்ரொஃபைலில் (உங்கள் அமைப்புகளையும் புக்மார்க்குகளையும் உலாவி சேமிக்கும் கோப்புறை) திறந்து, கையொப்பத்துக்கு மட்டும் பயன்படுத்துவதே அப்போதிருந்த வழி. அந்த ஆதரவும் 2018 செப்டம்பரோடு முடிந்துவிட்டது.

இங்கே என் வழக்கமான எச்சரிக்கை: ஒரே ப்ரொஃபைலை இரண்டு பதிப்புகளில் மாறி மாறித் திறக்காதீர்கள். புதிய பதிப்பு எழுதியதைப் பழைய பதிப்பு சரியாகப் படிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எதைச் செய்வதற்கு முன்பும் புக்மார்க்குகளையும் ப்ரொஃபைல் கோப்புறையையும் நகலெடுத்து வையுங்கள்.

மயிலாடுதுறை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: பழைய தமிழ்ப் பக்கங்களைப் படிக்கப் ‘பத்மா’ நீட்சியை நம்பியிருந்தேன். குவாண்டத்தில் அது போய்விட்டது. தலபுராணப் பக்கங்கள் எல்லாம் பிரெஞ்சு எழுத்துகளைச் சிதறவிட்டதுபோல் தெரிகின்றன. பழைய பயர்பாக்ஸுக்கே திரும்பிவிடலாமா?

திரும்ப வேண்டாம் ஐயா. உங்கள் இழப்பு உண்மையானது என்றாலும், பழி உலாவியைச் சேர்ந்ததன்று.

தொண்ணூறுகளின் இறுதியில் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு அச்சகமும் தமக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தன. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் இருப்பவை குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளே. அவற்றுக்குத் தமிழ் வடிவத்தை மேலே போர்த்தியது எழுத்துரு மட்டுமே. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். இதற்கு மாற்றாக வந்த இயங்கு எழுத்துருக்களுள் மைக்ரோசாஃப்டின் வகை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்தது. பயர்பாக்ஸில் படிக்க விரும்பியவர்களுக்காக, இத்தகைய பக்கங்களை உடனுக்குடன் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிக் காட்டியது பத்மா. அது ஊன்றுகோல்தான். ஊன்றுகோல் இருந்ததால், கால் முறிந்திருப்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

முறிவு வெறும் தோற்றத்தில் இல்லை. ‘கொ’ என்ற எழுத்தை ஒருங்குறி, முதலில் ககரம், பிறகு உயிர்க்குறி என்று சேமிக்கிறது. பழைய எழுத்துருக் குறியீடுகளோ கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டுகளாக வைத்தன. ஆகவே ‘கொள்ளிடம்’ என்று கூகுளில் தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது வெறும் இரைச்சல். தமிழ், ஒருங்குறியில் 1991 முதலே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துரு 16 பிட் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அப்படியிருந்தும், கும்பகோணத்தில் 2004 மகாமகத்தின்போது வலையேற்றப்பட்ட தலவரலாற்றுப் பக்கங்கள் சிலவற்றை 2016 மகாமகத்தின்போதும் அதே சிதைந்த கோலத்தில் கண்டேன். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பிற்பகலை ஒதுக்கியிருந்தால் மாற்றி முடித்திருக்கலாம். கும்பாபிஷேகப் பத்திரிகையைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோக்கட்டும், தாளில் அச்சிடுவதற்கு அதனால் குறைவில்லை. அதே கோப்பை அப்படியே வலையில் ஏற்றும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. முடியாத வேலை என்பார்கள். 1998 பொங்கலன்று தொடங்கி 2018 இல் இருபது ஆண்டு நிறைத்த, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம், திஸ்கி என்னும் பழைய குறியீட்டில் வெளியிட்ட நூல்களை, சம்பளம் வாங்காத தன்னார்வலர்களைக் கொண்டே ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியிருக்கிறது.

உங்களுக்கு வழி இது: வேண்டிய பக்கத்தின் உரையை நகலெடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டு, மூலக் குறியீடு எது என்று தேர்ந்தெடுத்து ஒருங்குறியாக்குங்கள். குறியீடு தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக முயலுங்கள். நான்கைந்து முயற்சிக்குள் பிடிபட்டுவிடும். மாற்றிய உரையைச் சேமித்து, அந்தத் தளத்தாருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தமிழாசிரியரே பிழைதிருத்தி அனுப்பினால் மறுக்க அவர்களுக்கு முகம் இராது.

நாகப்பட்டினம் வாசகர்: டேப்கள் சதுரமாகிவிட்டன. பழைய வளைவு வேண்டும்.

பழகிவிடும்.

திருவாரூர் வாசகர்: யாரும் கேட்காமலேயே ஒரு விசித்திர நீட்சியைப் பயர்பாக்ஸ் நிறுவியதாகப் படித்தேன். இது நச்சுநிரலா?

நச்சுநிரல் அன்று, ஆனால் நல்ல செயலும் அன்று. ஒரு தொலைக்காட்சித் தொடரையொட்டிய புதிர் விளையாட்டுக்காக ‘லுக்கிங் கிளாஸ்’ என்னும் நீட்சியை மொசில்லா 2017 டிசம்பரில், புதிய வசதிகளைப் பயனரிடம் சோதித்துப் பார்க்கும் தன் ‘ஆய்வு’ வாயிலாகப் பயனர் கணினிகளுக்கு அனுப்பி, கண்டனம் எழுந்ததும் பின்வாங்கியது. தனியுரிமையைப் பேசியே பெயரெடுத்த நிறுவனம் இதைச் செய்தது மன்னிக்கத் தக்கதன்று என்பதே என் கருத்து. விருப்பங்களில் ‘தனியுரிமையும் பாதுகாப்பும்’ பகுதியில் ஆய்வுகளை நிறுவவும் இயக்கவும் அனுமதிக்கும் தேர்வை நீக்கிவிடுங்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: இந்தத் தொல்லைகளே வேண்டாம் என்று தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டேன். சரிதானே?

தவறு. 2018 ஜனவரி 4 அன்று வந்த 57.0.4, கணினிச் செயலிகளில் (பிராசசர்) கண்டறியப்பட்ட ஸ்பெக்டர், மெல்ட்டவுன் குறைபாடுகளை ஒரு வலைப்பக்கத்தின் வழியாகப் பயன்படுத்திக்கொள்வதைக் கடினமாக்குவதற்கென்றே வெளியிடப்பட்டது. ஆய்வுகளை நிறுத்துவது வேறு, புதுப்பிப்பை நிறுத்துவது வேறு. பயிர்க் காப்பீட்டுக்கும் வங்கிக்கும் அதே கணினியையே பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே இயக்குங்கள், அதற்குமுன், மறுபடியும் சொல்கிறேன், ப்ரொஃபைலை நகலெடுங்கள்.

பாபநாசம் வாசகர்: எக்ஸ்பியில் குவாண்டம் ஏன் நிறுவ மறுக்கிறது?

எக்ஸ்பியையே மைக்ரோசாஃப்ட் 2014 இல் கைவிட்டுவிட்டது. கணினியை மாற்றுங்கள்.

வேதாரண்யம் வாசகர்: குரோமைவிட 30 விழுக்காடு குறைந்த நினைவகம், பழைய பயர்பாக்ஸைவிட இருமடங்கு வேகம் என்கிறார்களே, நம்பலாமா?

இரண்டும் மொசில்லாவே அளந்து சொன்னவை. வேக ஒப்பீடு 52 ஆம் பதிப்போடு செய்யப்பட்டது. பக்கத்தின் தோற்றத்தைக் கணக்கிடும் பகுதியை ரஸ்ட் என்னும் நிரல்மொழியில் புதிதாக எழுதிச் செயலியின் எல்லாக் கருக்களுக்கும் (கோர்) வேலையைப் பங்கிட்டிருப்பதால், வேகம் கூடியிருப்பது உண்மை. இருமடங்கா என்பது உங்கள் கணினியையும் நீங்கள் திறக்கும் பக்கங்களையும் பொறுத்தது. இணைப்பே தூங்கி வழியும் ஊரில் எந்த உலாவியும் ஒன்றுதான்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: புதிதாக நிறுவியதில் தேடல் பெட்டியைக் காணவில்லை.

முகவரிப் பட்டையிலேயே தேடலாம். தனிப் பெட்டிதான் வேண்டும் என்றால், விருப்பங்கள், தேடல் என்று சென்று கருவிப்பட்டையில் சேர்க்கும் தேர்வைச் சொடுக்குங்கள்.