டிசம்பர் 25 யாருடைய நாள்? கிறிஸ்துமஸ் மரபுகள் பற்றிய கேள்வி பதில்

திருச்சபை வரலாற்றைப் பாடமாக நடத்தியவன் என்பதால், திருவருகைக் காலம் தொடங்கியதும் கேள்விகள் என்னிடம் வருகின்றன. ஒரே ஒரு வேண்டுகோள்: "ஆதியில் ரோமர்கள் இப்படித்தான் செய்தார்கள்" என்று எழுதுபவர்கள், எந்த நூற்றாண்டு, எந்த ஆவணம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தது ஆவணம் ஆகாது.

இராயபுரம், கல்லூரி மாணவி: ஐயா, இயேசு டிசம்பர் 25 அன்றுதான் பிறந்தார் என்பதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா?

இல்லை, மகளே. மத்தேயுவும் லூக்காவும் பிறப்பைச் சொல்கிறார்கள். நாளையோ மாதத்தையோ சொல்லவில்லை. மாற்கு பிறப்பைப் பற்றிப் பேசாமலே தம் நூலைத் தொடங்குகிறார். கி.பி. 200 வாக்கில் எழுதிய அலெக்சாந்திரியா கிளமெந்து, பிறந்த நாளை ஆராய்பவர்களில் சிலர் மே 20 என்கிறார்கள், வேறு சிலர் ஏப்ரல் என்கிறார்கள் என்று குறித்துவைத்திருக்கிறார். டிசம்பர் 25 அவருடைய பட்டியலிலேயே இல்லை. 325-ல் ஆயர்கள் கூடிய நீசேயா சங்கம் தேதிச் சிக்கலைத் தீர்க்க முனைந்தது உயிர்த்தெழுதல் விழாவுக்காகத்தான். அந்தியோக்கியாவில் 386-ல் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், இந்த விழா எங்களுக்குத் தெரியவந்து இன்னும் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை என்று தம் சபையாரிடமே சொல்கிறார்.

வியாசர்பாடி, ஒரு சகோதரர்: அது சூரிய தேவனின் பிறந்தநாள். கான்ஸ்டன்டைன் அதைச் சபைக்குள் நுழைத்தார். விசுவாசிகள் அதை ஆசரிக்கலாமா?

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அப்படி ஓர் ஆணை பிறப்பித்ததாக ஆவணம் எதுவும் இல்லை, பிரதர். அவர் 321-ல் ஆணையிட்டது ஞாயிற்றுக்கிழமை ஓய்வைப் பற்றி. சூரியனைப் பற்றிய உங்கள் கூற்றை மட்டும் ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

354-ல் ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டிச் சுவடி இருக்கிறது. அதிலுள்ள மறைசாட்சிகள் பட்டியல் 336-ஐச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்தப் பட்டியலின் முதல் வரி, டிசம்பர் 25-ல் யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்கிறது. அதே சுவடியின் அரசு நாட்காட்டிப் பகுதியில், அதே நாளுக்கு நேரே, 'வெல்லப்படாதவரின்' (சூரிய தேவனின் பட்டப்பெயர் இது) பிறந்தநாள் என்றும் அதற்காக 30 தேரோட்டப் பந்தயங்கள் என்றும் எழுதியிருக்கிறது. பேரரசர் அவுரேலியன் 274-ல் ரோமில் சூரியனுக்குக் கோயில் எடுத்தது உண்மை. ஆனால் டிசம்பர் 25-ல் சூரிய விழா நடந்ததற்கு நம் கையில் உள்ள மிகப் பழைய சான்று இந்த 354-ஆம் ஆண்டுச் சுவடிதான். இரண்டு விழாக்களும் ஒரே ஏட்டில்தான் முதலில் தென்படுகின்றன; அப்படியிருக்க, எது எதிலிருந்து வந்தது என்று அடித்துப் பேச இடமில்லை.

மற்றொரு விளக்கமும் உண்டு. கிறிஸ்து மார்ச் 25-ல் சிலுவையில் அறையப்பட்டார் என்ற கணக்கு ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலிருந்தே இருந்தது. கிறிஸ்து கருவில் உருவானதும் அதே நாளில் என்று நம்பப்பட்டதாகத் திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் எழுதுகிறார். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. எனக்கு இந்த விளக்கம் கூடுதல் வலுவுடையதாகத் தோன்றுகிறது.

அதே சகோதரர்: சுற்றி வளைக்கிறீர்கள். ஜனங்கள் சூரியனைக் கும்பிட்டார்களா, இல்லையா?

கும்பிட்டார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் போப் லியோ, புனித பேதுரு பேராலயத்தின் படியேறியபின் திரும்பி நின்று உதயசூரியனுக்குத் தலைவணங்கும் கிறிஸ்தவர்களை, கிறிஸ்துமஸ் பிரசங்கத்திலேயே கண்டிக்கிறார். ஆக உங்கள் கவலை பழைய கவலை. ஆனால் அவர் பழக்கத்தைக் கண்டித்தார், விழாவை நிறுத்தவில்லை.

பெரம்பூர், ஆசிரியை: வியாசர்பாடித் தம்பிக்கு ஒரு கேள்வி. எங்கள் வாசலில் கோலத்தின் நடுவே நட்சத்திரம் வரைகிறோம், வீட்டில் அச்சு முறுக்கு சுடுகிறோம். இதுவும் விக்கிரக ஆராதனையா?

வியாசர்பாடி: அக்கா, எரேமியா 10-ஐ வாசியுங்கள். மரத்தை வெட்டி, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. அது கிறிஸ்துமஸ் மரமேதான்.

குறுக்கிடுகிறேன். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: அது பேசாது, நடக்காது, சுமக்கப்பட வேண்டும் என்கிறது. அங்கே சொல்லப்படுவது மரத்தில் செதுக்கிய சிலை. எரேமியாவின் காலத்தில் கிறிஸ்துமஸும் இல்லை, கிறிஸ்துமஸ் மரமும் இல்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தார் கூடத்தில் மரம் நிறுத்தி, காகித ரோஜாக்களும் ஆப்பிளும் இனிப்புகளும் தொங்கவிட்டதை 1605-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று சொல்கிறது. ஆங்கிலேயரிடையே அது பரவியது விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு.

தம்பிக்கு இன்னொன்று: கிறிஸ்துமஸ் வேதத்தில் இல்லை என்ற வாதத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தியவர்கள் பியூரிட்டன்கள் என்ற கடுமையான ஆங்கிலேய சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள். இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647-ல் விழாவை ஒழித்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659-ல், கொண்டாடுபவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்து, 1681-ல் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஆசரிக்காத உங்கள் உரிமையை நான் மதிக்கிறேன். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், மற்றொருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறான் என்று ரோமர் 14-ல் பவுல் இருவருக்கும் இடம் கொடுக்கிறார். அக்காவின் அச்சு முறுக்கையும் அந்த அதிகாரத்தின்படியே விட்டுவிடுங்கள்.

புளியந்தோப்பு: டிசம்பர் 25 சூரிய தேவன் பிறந்தநாள் என்கிறார்களே?

மேலே வாசியுங்கள்.

தண்டையார்பேட்டை: குடில் வைப்பது எப்போது தொடங்கியது? மாடும் கழுதையும் சுவிசேஷத்தில் உண்டா?

1223-ல், இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் நிரப்பிய தீவனத்தொட்டியின் அருகே திருப்பலி நடக்கச் செய்தார். அதற்கு முன்பே ஓவியங்களிலும் சிற்பங்களிலும் பிறப்புக் காட்சி உண்டு. மக்களிடம் இந்த வழக்கம் பரவ அந்த இரவுதான் பெரிய காரணம். லூக்கா தீவனத்தொட்டியை மட்டும் சொல்கிறார். மாடும் கழுதையும் ஏசாயா 1:3-லிருந்து வந்தவை.

காசிமேடு: ஞானிகள் மூன்று பேர்தானே?

காணிக்கைகள் மூன்று. ஆட்களின் எண்ணிக்கையை மத்தேயு சொல்லவில்லை. ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை.

கொடுங்கையூர்: கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குச் சிவப்பு உடை கொடுத்தது கோகோ-கோலா கம்பெனி என்பது உண்மையா?

இல்லை. அந்தக் கம்பெனியின் புகழ்பெற்ற விளம்பர ஓவியங்கள் 1931-ல் தொடங்கின. சிவப்பு உடைத் தாத்தா அதற்கு முன்பே அமெரிக்கப் படங்களில் உலாவினார். இதுவும் வாட்ஸ்அப் வரலாறுதான். அந்தத் தாத்தாவுக்கு மூலவரான நிக்கோலாஸ் இன்றைய துருக்கியிலுள்ள மீரா நகரத்து ஆயர். அவருடைய திருநாள் டிசம்பர் 6.

ஓட்டேரி: கேரல் பவனியை இரவு எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும்?

உங்கள் சபைக் குழுவையும் காவல் நிலையத்தையும் கேளுங்கள்.

மூலக்கடை: சூரிய தேவன் விழாவைத்தானே நாம்...

354-ஆம் ஆண்டுச் சுவடியைப் பற்றி வியாசர்பாடிச் சகோதரருக்கு எழுதியதை வாசித்துவிட்டு வாருங்கள்.

கொருக்குப்பேட்டை: அர்மீனியர்கள் ஜனவரி 6, ரஷ்யர்கள் ஜனவரி 7. ஏன் இந்த வேறுபாடு?

நல்ல கேள்வி. இரண்டுக்கும் காரணங்கள் வேறு. கிழக்கத்திய சபைகள் தொடக்கத்தில் ஜனவரி 6-ல் கிறிஸ்துவின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்தே நினைவுகூர்ந்தன. டிசம்பர் 25 பரவிய பிறகும் அர்மீனியத் திருச்சபை பழைய முறையை விடவில்லை. சென்னை அரண்மனைக்காரன் தெருவிலுள்ள 1772-ஆம் ஆண்டு அர்மீனிய ஆலயத்தைக் கட்டியவர்களுக்கும் பிறப்பு விழா ஜனவரியில்தான். ரஷ்யர்கள் கொண்டாடுவதோ டிசம்பர் 25-ஐயேதான். ஆனால் ஜூலியன் நாட்காட்டியின்படி. அது நம்முடைய நாட்காட்டியைவிட இப்போது 13 நாள் பின்தங்கியிருப்பதால், நமக்கு அது ஜனவரி 7. இந்த இடைவெளி 2100-ல் 14 நாளாகிவிடும். அந்த நாட்காட்டியை அவர்கள் மாற்றாவிட்டால் 2101-லிருந்து அது ஜனவரி 8.