தாத்தாவின் கிரீடமும் டில்லி நேர்முகமும்

அன்புள்ள ஐயா,

டில்லி தேசிய நாடகப் பள்ளியின் முதற்கட்டத் தேர்வில் தேறிவிட்டேன். இறுதிச் சுற்றுக்கு அடுத்த மாதம் டில்லி போக வேண்டும். நடித்துக் காட்டுவதில் பயமில்லை. நேர்முகத்தை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. ‘ஏன் நாடகம்?’ என்று கேட்டால் என்ன சொல்வது? என்னென்ன புத்தகங்கள் படிக்க வேண்டும்? என் ஹிந்தி அரைகுறை. இன்னொன்று: என் தாத்தா கூத்துக் கட்டியவர். அதைச் சொன்னால் பட்டிக்காடு என்று நினைப்பார்கள், சொல்லாதே என்கிறாள் தோழி. சொல்லலாமா?

க., செய்யாறு

அன்புள்ள க.,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது என்னை வருத்தியதால். தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில்தான் புரிசை இருக்கிறது. 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்கான வழியைத் தேடிப் போய் நின்றது அந்த ஊர்த் தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் முன்னால்தான். நீங்கள் போகும் அதே டில்லிப் பள்ளியில், அதன் இயக்குநராக இருந்த அல்காசியிடம் படித்துத் திரும்பிய சே. இராமானுஜம், தமிழ்நாட்டு நாடகப் பயிற்சிக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். நாடகம் அறிந்தவர் எவரும் கூத்தைப் பட்டிக்காடு என்று ஒதுக்கமாட்டார்.

ஆனால் ‘என் தாத்தா கூத்துக் கலைஞர்’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது தாத்தாவின் பெருமை. உங்களைத் தேர்ந்தெடுக்க அது காரணமாகாது. அடுத்த கேள்வி நிச்சயம் வரும்: நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

பாரதப் போரின் கடைசி நாளை ஆடும் ‘பதினெட்டாம் போர்’ கூத்து இரவொன்றை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். துரியோதனன் இன்னும் தெரியவில்லை. முதலில் குரல் வருகிறது. பிறகு திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால், மேலே கிரீடத்தின் நுனி. முழு உருவமும் வெளிப்படும்போது தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏன் அப்படி மறைத்து மறைத்துக் காட்டுகிறார்கள்? இதை உங்கள் சொந்தச் சொற்களில் யோசித்து வைத்திருங்கள். ‘ஏன் நாடகம்?’ என்பதற்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது. ‘நாடகம் என் உயிர்மூச்சு’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கேட்டவுடன் எதிரே இருப்பவர்கள் தலையைக் குனிந்து காகிதத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு நாடகத் துறையின் மாணவர் தேர்வில் சில ஆண்டுகள் நானும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை ஒரு பெண் வந்தார். கல்லூரி நாடகத்தில் நடிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை, உடைகளைப் பார்த்துக்கொண்டேன் என்றார். அதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டோம். “தாய் வேடத்துக்குப் புதுப் பருத்திப் புடவை எடுத்தோம். ஒத்திகையில் அவர் நடந்தாலே கஞ்சி சரசரத்தது. மகன் மெதுவாகப் பேசும் வரி அதில் அமுங்கிவிட்டது. இரண்டு தடவை ஊறவைத்து அலசினேன். அடுத்த நாள் வசனம் கேட்டது. ஆனால் புடவை துவண்டு போய், அந்த அம்மாவும் நாங்கள் நினைத்ததைவிட ஏழையாகத் தெரிந்தார். இயக்குநர் அதுதான் சரி என்றார்.” நாங்கள் நாலு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். அன்று அவருக்கு முன்னால் வந்த இளைஞர் மூன்று ஐரோப்பிய நாடக மேதைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். அவர்களில் ஒருவரைப் பற்றி மேற்கொண்டு கேட்டதும் நின்றுவிட்டார். பெயர் தெரியாதது குற்றமே இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் வைத்தால், அதற்குப் பின் உண்மையைச் சொன்னாலும் நம்பத் தயக்கம் வந்துவிடுகிறது.

ஆகவே புத்தகப் பட்டியல் தரமாட்டேன். ஒன்றே ஒன்று செய்யுங்கள்: நீங்கள் நடித்துக் காட்டப்போகும் பகுதி எந்த நாடகத்தில் வருகிறதோ அதை முழுவதும் படியுங்கள். உங்கள் பாத்திரம் அந்தக் காட்சிக்குள் எங்கிருந்து வருகிறது, எதிரே நிற்பவருக்கு என்ன வேண்டும், அந்தப் பேச்சு முடிந்ததும் என்ன நடக்கிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இதுவரை நீங்கள் பங்கேற்ற நாடகங்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் புடவைக் கதை போன்ற ஒன்றைத் தேடிப் பிடித்து, யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒப்பித்தால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பேச்சுக்கு நடுவே, ‘அதே பகுதியை உட்கார்ந்தபடி செய்யுங்கள்’, ‘கோபமில்லாமல் செய்யுங்கள்’ என்று சொல்லக்கூடும். முதலில் செய்தது தவறு என்று நினைத்து உடைந்துவிடாதீர்கள். சொன்னதைக் காதில் வாங்குகிறீர்களா, வாங்கி மாற்றுகிறீர்களா என்று பார்க்கிறார்கள். மூன்று வருடம் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்போகிறவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஹிந்தி பற்றி: அங்கே ஹிந்தியும் ஆங்கிலமும் ஓரளவு புரிய வேண்டும், அதை மறைக்கமாட்டேன். பாடங்களும் ஒத்திகைகளும் அவற்றில்தான். இந்த ஒரு மாதம் தினமும் அரைமணி நேரம் ஹிந்தி தெரிந்த ஒருவரிடம் பேசுங்கள். இலக்கணம் தவறினால் பரவாயில்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்லுங்கள். கேள்வி புரியாவிட்டால் மறுபடி சொல்லச் சொல்லிக் கேளுங்கள். புரியாத கேள்விக்குத் தலையாட்டுவதுதான் ஆபத்து.

சான்றிதழ்கள், நாடகப் புகைப்படங்கள், நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். உட்கார, எழ, தரையில் புரள வசதியான உடை போதும்.

புறப்படும் முன் ஒரு சாயங்காலம் தாத்தாவின் பக்கத்தில் உட்காருங்கள். அரிதாரம் பூசும்போது எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவார், கிரீடம் ஏறிய பிறகு பேத்தி கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா, கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்