மழையில் வாடும் நித்தியகல்யாணி

கேள்வி: தை மாதம் வாங்கிய ஆறு ஹைப்ரிட் நித்தியகல்யாணிச் செடிகள் மே வரை பூத்துக் குலுங்கின. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் ஒவ்வொன்றாகத் தலை தொங்கிச் சாகின்றன. ரோட்டோரத்தில் யாரும் கவனிக்காத ரோஸ் நிறச் செடி மட்டும் ஜோராக நிற்கிறது. ஏன்? (குமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: செத்த செடி ஒன்றைப் பிடுங்கி, வேரை இரு விரலால் உருவிப் பாருங்கள். மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்து, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சினால் அது வேரழுகல். ஈரமண்ணில் பரவும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரியின் வேலை. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது; அதனால்தான் செடி வாடுகிறது. தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறோம். கதை முடிந்தது.

உச்சி வெயிலில் இலை சுருண்டு, மண்ணும் காய்ந்திருந்தால் அது தாகம்தான், ஊற்றலாம். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் கையை எடுத்துவிடுங்கள்.

இது மடகாஸ்கர் செடி. வெயிலும் வறட்சியும் அதற்குப் பழக்கம். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றிலும் காய்ந்த மண்ணிலும் தானாகவே வளரும். உங்கள் ஊரிலோ இரண்டு பருவமழையும் கொட்டும், போதாததற்கு ரப்பர் மர நிழல் வேறு. ரோட்டோரச் செடி பிழைப்பது சரளை மண்ணில் தண்ணீர் நிற்காததால். பழைய நாட்டு ரகத்துக்குத் தாங்கும் சக்தியும் கொஞ்சம் கூடுதல்.

இனி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நர்சரிப் பையில் வேரைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு. மழையில் அது பஞ்சு மாதிரி நீரைப் பிடித்துக்கொள்ளும். நடும்போது வேர் அறுபடாமல் முடிந்தவரை உதிர்த்துவிடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, கரடுமுரடான ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு போதும். கடல் மணல் வேண்டாம், உப்பு. யூரியாவும் வேண்டாம், இலைதான் கொழுக்கும், பூ குறையும். தினமும் ஆறு மணி நேர வெயில் கண்டிப்பாக வேண்டும். தரையில் நட்டால் முக்கால் அடி உயரத்துக்கு மேடு போட்டு நடுங்கள். தொட்டி என்றால் மழை மாதங்களில் சன்ஷேடுக்கு அடியில், வெயில் படும் பக்கமாக நகர்த்துங்கள்.

செத்த செடியின் மண்ணில் மறுபடியும் நித்தியகல்யாணி நடாதீர்கள். செடியை உரக்குழியிலும் போட வேண்டாம்.

புதுச் செடிகளைத் துலா மழை (வடகிழக்குப் பருவமழை) ஓய்ந்த பிறகு, மார்கழிக் கடைசியில் வையுங்கள். இப்போது உயிரோடு இருப்பதில் இரட்டைக் காய்கள் மஞ்சளடிக்கும்போதே பறித்துக் காகிதத்தில் மடித்துவையுங்கள். விட்டால் வெடித்துச் சிதறிவிடும். விதை முளைக்க இருட்டு வேண்டும், மேலே மெல்லிதாக மண் போட்டு மூடுங்கள்.

அப்புறம், சர்க்கரைக்கு நல்லது என்று இதன் இலையை மெல்லும் பழக்கம் நம் பக்கம் உண்டு. புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் இந்தச் செடியிலிருந்து வருபவைதான், ஆனால் இலை நஞ்சு. ஆடுகூடப் பொதுவாக வாய் வைக்காது.