கவுண்ட் ஏறவே மாட்டேங்குது: எலும்பு மஜ்ஜை பற்றிக் கேட்டவை

அம்மிச்சிக்கு 71 வயசுங்க. ஹீமோகுளோபின் 7, வெள்ளணு 2,200, பிளேட்லெட் 60,000. ஆறு மாசமா இரும்பு மாத்திரையும் முருங்கைக்கீரையும் தர்றோம், ஏறவே இல்லீங்க. (கோபி)

இரும்பு குறைந்தால் சிவப்பணுதான் அடிபடும். பிளேட்லெட் பெரும்பாலும் குறையாது, சிலருக்குக் கூடவே செய்யும். மூன்றும் சேர்ந்து இறங்கியிருப்பதால் முதலில் பி12, ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட்) என்ற இரண்டு வைட்டமின்களின் அளவைப் பாருங்கள். சைவச் சாப்பாடோ, பல வருடம் மெட்ஃபார்மின் எனும் சர்க்கரை மாத்திரையோ என்றால் பி12 குறைய நிறைய வாய்ப்புண்டு. பி12 குறைவுதான் காரணமென்றால், ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் ரெட்டிகுலோசைட் எனும் புதுச் சிவப்பணுக்களின் எண்ணிக்கை எழும்பும். பி12 பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்: ரத்தம் ஏறுவதுபோல் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே வளர்ந்துகொண்டே போகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மஜ்ஜையைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த வயதில் முதலில் நினைக்க வேண்டியது எம்.டி.எஸ்., அதாவது மஜ்ஜையில் அணுக்கள் சரியாக முதிராத நோய். வயல் நிறையப் பயிர் நிற்கும், கதிர் பால் பிடிக்காமல் பதராகிவிடும் அல்லவா, அதே கதைதான். மஜ்ஜையில் அணுக்கள் நெருக்கமாகவே இருக்கும். ஆனால் முதிராமல் அங்கேயே மடியும். பிளாஸ்ட் எனும் இளம் அணுக்கள் 20 சதவீதத்தைத் தொட்டால் அது ரத்தப் புற்றுநோய் என்ற கணக்கில் வந்துவிடும். அதனால்தான் அந்த எண்ணையும் குரோமோசோம் சோதனையையும் வைத்து வைத்தியத்தை முடிவு செய்கிறார்கள். அதுவரை இரும்பு மாத்திரையை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

மஜ்ஜை எடுத்தா கால் விளங்காமப் போயிரும்னு சொல்றாங்களே? (பல்லடம்)

போகாது. ஊசி தண்டுவடத்தின் பக்கமே போவதில்லை. இடுப்பெலும்பின் பின்மேட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லி மஜ்ஜையும் ஒன்றரை, இரண்டு செ.மீ. எலும்புத் துண்டும் எடுப்பார்கள். உறிஞ்சும் அந்தச் சில நொடி சுருக்கென்று வலிக்கும். பிளேட்லெட் குறைவாக இருந்தாலும் எடுக்கலாம், பிறகு நன்றாக அழுத்திப் பிடித்தால் போதும்.

பையனுக்கு 19 வயசு, அப்ளாஸ்டிக் அனீமியா, மஜ்ஜைல அணு சரியா ஊறாத நோயிங்க. கிருமியை எதிர்க்கிற வெள்ளணுக் கணக்கு, ஏ.என்.சி., 300. ராத்திரி காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் கொடுத்துட்டு காலைல கூட்டிட்டுப் போலாமுங்களா? (அந்தியூர்)

கூடாது. இந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்கு முதலில் பதில் எழுதினோம். ஏ.என்.சி. 500க்குக் கீழே இருப்பவருக்கு 100.4 டிகிரி தாண்டினால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். எதிர்த்து நிற்க வெள்ளணு இல்லாததால் சீழோ வீக்கமோ தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம், அதையும் மாத்திரை மறைத்துவிடும். அந்தியூர் மலையடிவாரத்தில் இருந்து கிளம்புபவர்கள், இருபத்து நாலு மணி நேரமும் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி எதுவென்று இன்றே விசாரித்து வையுங்கள்; கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளும் கையில் இருக்கட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், சதையில் போடும் ஊசி மூன்றும் வேண்டாம். பப்பாளி இலைச் சாறும் வேண்டாம்; அணு ஊறுகிற இடமே வற்றியிருக்கும்போது அது உதவாது, பச்சைச் சாற்றில் கிருமி இருக்கும்.

நாங்க மாமன் மகள் முறைல கட்டினவங்க. 8 வயசுப் பொண்ணுக்கு மஜ்ஜை வேலை செய்யலை, கட்டைவிரலும் சிறுசு. அண்ணன் மஜ்ஜை பொருந்துதுங்க, கொடுக்கலாமா? (தாராபுரம்)

முதலில் பெண்ணுக்கும் அண்ணனுக்கும் குரோமோசோம் உடையும் சோதனை எடுங்கள். மஜ்ஜை வேலை செய்யாததும் விரல் குறையும் சேர்ந்தால் ஃபேன்கோனி அனீமியா எனும் பரம்பரை நோயாக இருக்கலாம். பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. வெளியே ஒன்றும் தெரியாத அண்ணனுக்கும் அது இருந்தால் அவன் மஜ்ஜை பயன்படாது. ஃபேன்கோனி பிள்ளைக்கு வழக்கமான அளவில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முந்தைய மருந்து கொடுத்தால் உடல் தாங்காது. அளவைக் குறைத்தாக வேண்டும். மாற்று முடியும்வரை சொந்தக்காரர் ரத்தம் ஏற்றாதீர்கள், உடம்பு மஜ்ஜையை ஏற்காமல் தள்ளிவிடும் வாய்ப்பு கூடும். கதிர்வீச்சு செய்த ரத்தமாகக் கேளுங்கள்.

அப்பாருக்கு மாசம் ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்துறோம். ஏதாவது பார்க்கணுங்களா? (பெருந்துறை)

ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ரத்தச் சோதனை. ஒரு யூனிட்டில் 200 முதல் 250 மி.கி. இரும்பு, உடல் ஒரு நாளில் வெளியேற்றுவது 1, 2 மி.கி.தான். 20 யூனிட் சுமாருக்கு மேல் ஈரலிலும் இதயத்திலும் படியும். ஃபெரிட்டின் 1,000 தாண்டினால் இரும்பை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் மருந்து பற்றிக் கேளுங்கள். தொடங்கினால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மாதாமாதம் பார்க்க வேண்டும்.