அரிப்புக்காகக் கூட்டு மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: என் தம்பி ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறான். எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்பிருந்தே கை, காலில் அரிக்கும் பருக்கள். சொறிந்து சொறிந்து கறுத்துவிட்டது. சேலத்தில் ஒருவர், "எல்லாம் மாத்திரைச் சூடு. நிறுத்திவிட்டு என் சூரணத்தைச் சாப்பிடட்டும்" என்கிறார். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே கூடாது. மாத்திரைக்கு முன்பே அரிப்பு இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் மாத்திரை எப்படிக் காரணமாகும்? எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பூச்சிக்கடிகூட இப்படிப் பருப்பருவாகக் கிளம்பும். கூட்டு மருந்தால் எதிர்ப்புச் சக்தி ஏற ஏறத்தான் அடங்கும், சில மாதமாகும். அதுவரை தோட்டத்துக்கு முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, இரவில் கொசுவலை. அரிப்புக்கு மாத்திரையும் களிம்பும் தோல் மருத்துவர் தருவார்.

அந்தச் சூரணம்தான் எனக்குக் கவலை. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பவர்கள் உண்டு. சாப்பிட்ட சில நாளில் அரிப்பு மாயமாகும், "பார்த்தீர்களா!" என்பார்கள். கூட்டு மருந்தை நிறுத்தியதால் உள்ளே கிருமி பெருகுவதோ, மருந்துக்கு மசியாமல் போவதோ வெளியே தெரியாது. மருந்துக்கடையில் "எல்லாத்துக்கும் கேட்கும்" என்று நீட்டும் டியூபையும் வாங்காதீர்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்தது. படர்தாமரை இருந்தால் உருமாறிப் பரவும். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே விதி வந்தாயிற்று. யார் கேட்கிறார்கள்?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்கக் கூடாது. மாத்திரை ஆரம்பித்த பிறகு உடம்பெல்லாம் புதிதாகத் தடித்து, கூடவே காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிதல் ஏதாவது வந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவமனையில் இருக்க வேண்டும். இரவானாலும் மலையிறங்குங்கள். பல நேரம் காரணம் கூட்டு மருந்தல்ல, அதோடு தரும் கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா மாத்திரை. எதை நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார், நீங்களாக முடிவெடுக்காதீர்கள். காய்ச்சலில்லாத பழைய அரிப்பு இதில் சேராது.

கூட்டு மருந்துக்கு ஒருநாள், தோல் பிரிவுக்கு இன்னொரு நாள் என்று தினக்கூலிக்காரரை அலையவிடுவது அநியாயம். சேலம் அரசு மருத்துவமனைக்கு மாத்திரை வாங்கப் போகும் அன்றே, தோல் பிரிவுக்குச் சீட்டு வேண்டும் என்று ஆலோசகரிடம் விடாமல் கேளுங்கள். மறுத்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐ அழையுங்கள், கட்டணமில்லை. ஏற்கெனவே சூரணம் சாப்பிட்டிருந்தால், அந்தப் பொட்டலத்தையும் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.