குறைமாதக் குழந்தைக்கு ‘எதிர்ப்பு சக்தி ஊசி’ வாங்க வேண்டுமா?

கேள்வி: 33 வாரத்தில் பிறந்த எங்கள் மகனுக்கு நான்காம் நாள் இரத்தத்தில் தொற்று என்றார்கள். காய்ச்சல் இல்லை; உடம்பு சில்லிட்டிருந்தது, பாலும் இறங்கவில்லை. முதலில் சரியாக இருந்த சி.ஆர்.பி. (தொற்றின்போது இரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) மறுநாள் ஏறிவிட்டது. வெள்ளையணுக்களும் குறைவாம். குழந்தைக்கு எதிர்ப்பு சக்தியே இல்லை, இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரத ஊசியை வெளியில் வாங்கித் தருகிறேன் என்று மருத்துவமனை வளாகத்தில் ஒரு தரகர் சொல்கிறார். நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். உங்கள் மகனுக்கு எதிர்ப்பு சக்தி இல்லாமல் இல்லை. பிறவியிலேயே அமைந்த முதல்நிலைப் பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அதற்குக் கையிருப்பு குறைவு. கிருமியை விழுங்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் பச்சிளங்குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் கொஞ்சமே சேமிப்பில் இருப்பதால், தொற்று மூண்டதும் அவை விரைவில் செலவாகிவிடுகின்றன; எண்ணிக்கை குறைந்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். காய்ச்சல் வராததிலும் வியப்பில்லை, ஏனெனில் வெப்பத்தை உண்டாக்கும் கொழுப்பு குறைமாதக் குழந்தையிடம் சொற்பம்; சில்லிடுவதே அதன் அபாய அறிகுறி. சி.ஆர்.பி.யைக் கல்லீரல் சுரந்து இரத்தத்தில் ஏற்றுவதற்குச் சுமார் 10 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால், முதல் முடிவு சரியாக இருந்ததை ஆய்வகத்தின் தவறாகக் கொள்ள வேண்டாம்.

தாயின் எதிர்ப்புப் புரதங்கள் கருவின் கடைசி மூன்று மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியே மிகுதியாகக் கடக்கின்றன. 33 வாரத்தில் பிறந்ததால் உங்கள் மகனுக்கு அவை குறைந்திருப்பது உண்மை. அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டுதான் தரகர் உங்களிடம் பேசுகிறார். மீதிப் பாதியை அவர் சொல்லமாட்டார்: தொற்று உறுதியான அல்லது சந்தேகிக்கப்பட்ட 3,493 குழந்தைகளிடம் இந்த ஊசியைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வில், இரண்டு வயதில் பார்த்தபோது ஊசி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இறப்பிலோ ஊனத்திலோ வேறுபாடு இல்லை. மேலும் அது மனித இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து. யாரோ பையில் கொண்டுவரும் குப்பி எங்கே, எந்த வெப்பத்தில் இருந்தது என்று யார் அறிவார்? அதே ஆள் நாளை, ‘வேறு மருத்துவமனைக்கு மாற்றுங்கள், வண்டி தயார்’ என்பார். சில்லிட்ட குழந்தையை அவர் வண்டியில் ஏற்றிவிடாதீர்கள்.

பிழைக்க வைப்பது பொருத்தமான ஆன்டிபயாடிக்கும் கவனிப்பும்தான். டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா ஆகிய கிருமிகளே அதிகம் காணப்பட்டன. அவற்றுள் பல வழக்கமான மருந்துகளுக்கு மசியவில்லை. எனவே மருந்தின் முதல் தவணைக்கு முன் ஒரு மில்லி இரத்தமாவது எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து இனங்காணும் சோதனைக்கு) அனுப்பினார்களா, முடிவு எப்போது வரும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எத்தனையோ இடங்களில் இரவில் கல்ச்சர் பாட்டில் கிடைப்பதில்லை, ஒரே செவிலியர் பல குழந்தைகளைப் பார்க்கிறார், கை கழுவும் தொட்டியில் தண்ணீர் வருவதில்லை. ஆண்டுக்கணக்காக எழுதிக் கேட்டும் இவை மாறாததைப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் நெருங்கிய உறவில் மணந்தவர்களா? உங்கள் குடும்பத்தில் முன்பு ஏதேனும் குழந்தை தொற்றால் இறந்ததுண்டா? இனிவரும் நாட்களில் தொப்புள்கொடி மூன்று, நான்கு வாரம் கடந்தும் விழாமல் சுற்றிலும் சிவந்தால், அதிலும் வெள்ளையணுக்கள் மிக அதிகமாக இருந்தும் புண்ணில் சீழே கட்டாவிட்டால், அணுக்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேற முடியாத ஓர் அரிய பரம்பரைக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே குறை எண்ணிக்கையில் இல்லை, குழாய்ச் சுவரைப் பற்றும் புரதத்தில் இருக்கிறது. அதை உறுதிசெய்யத் தனி இரத்தப் பரிசோதனை உண்டு. கடுமையான வகைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படும். இந்தக் குறைபாட்டையும் தரகரின் ஊசி தீர்க்காது.

இப்போதைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துச் செவிலியரிடம் கொடுங்கள். மருத்துவர் அனுமதித்ததும் குழாய் வழியே துளித்துளியாகத் தரட்டும். சீம்பாலில் கிருமியைத் தடுக்கும் புரதங்கள் நிறைந்திருக்கின்றன, அதற்கு நகை வேண்டியதில்லை.